காளஹஸ்தியில் வண்டி நின்றால்?

நெடுந்தூரப் பயணத்துக்கான மோட்டார் சைக்கிள்கள் முன்பைவிட உறுதியாகிவிட்டன. பழுது பார்க்கும் இடம்தான் தூரமாகிவிட்டது. வண்டி வாங்குகிறவர்கள் விலையையும் மைலேஜையும் விசாரிக்கிறார்கள். பத்து வருடம் கழித்து ஸ்பேர் கிடைக்குமா என்று விசாரிப்பவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே சென்னையை அடுத்த செங்குன்றத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிள்கள் வடமேற்காகக் கிளம்பிவிடுகின்றன. ஊத்துக்கோட்டையில் ஒரு டீ. ஆந்திர எல்லை தாண்டியதும் சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈஸ்வரனுக்கு ஒரு கும்பிடு. பிறகு நாகலாபுரம், பிச்சாட்டூர் வழியாகக் காளஹஸ்தி. மொத்தம் சுமார் 115 கிலோமீட்டர். ராகு-கேது பூஜைக்கு வருகிறவர்கள், அங்கிருந்து 36 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பதிக்குப் போகிறவர்கள், எந்த வேண்டுதலும் இல்லாமல் வண்டி ஓட்டும் சுகத்துக்காகவே வருகிறவர்கள் என்று பொன்முகலி ஆற்றங்கரையில் எல்லோரும் சந்தித்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சவாரியில் சாகசம் எதுவும் இல்லை. லடாக் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே தயாராகிறவர்கள் காளஹஸ்திக்குக் கிளம்பும்போது ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வண்டிகள் பெரும்பாலும் நிற்பது இப்படிப்பட்ட சாலைகளில்தான். காரணம் எளியது: பெரும்பாலும் அவை ஓடுவதும் இந்தச் சாலைகளில்தான்.

2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய ஸ்ரீகாளஹஸ்தி, 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி சுமார் 80,000 பேர் வாழும் ஊர். இந்த அளவு ஊர்கள் இந்தியாவில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெருநகரமும் இல்லை, கிராமமும் இல்லை. பஞ்சர் கடை உண்டு, மெக்கானிக் உண்டு, பெட்ரோல் பங்க் உண்டு. இப்படியொரு ஊரில் ஞாயிறு மாலை 4 மணிக்கு வண்டி நின்றுவிட்டால் மூன்று கேள்விகள் எழுகின்றன. என்ன கோளாறு என்று உள்ளூர் மெக்கானிக்கால் சொல்ல முடியுமா? மாற்ற வேண்டிய பாகம் ஊரில் இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், வண்டியை எங்கே, எதில், எவ்வளவு காசுக்குத் தூக்கிச் செல்வது?

சிலந்தியும் பாம்பும் யானையும் சிவனை வழிபட்டதால் ஸ்ரீ-காள-ஹஸ்தி என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. மூன்றாவது கேள்விக்கு விடையாக வந்து நிற்பதும் பல சமயம் ஒரு யானைதான் – தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸ். அதன் முதுகில் கயிறு போட்டுக் கட்டப்பட்ட 2 லட்ச ரூபாய் மோட்டார் சைக்கிளையும், அதன் பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உரிமையாளரையும் பார்த்தால், நம்பகமான வண்டி என்பதற்கு இன்ஜினைத் தவிர வேறு அர்த்தங்களும் உண்டு என்பது புரியும்.

எண்ணெய் ஒழுகிய காலம்

தொலைதூர மோட்டார் சைக்கிள் என்றதும் இந்தியாவில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர், காளஹஸ்தியிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் பிறந்தது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ஆரம்பத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டி செய்தார்கள். 1962 வாக்கில் முழுப் புல்லட்டும் இங்கேயே தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் அது புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது.

அந்தக் காலத்துப் புல்லட்டைத் தொல்லை இல்லாத வண்டி என்று அதன் பக்தர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். 346 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின். தனியாகப் பூட்டப்பட்ட 4 கியர் பெட்டி. வலது காலில் கியர், நியூட்ரலுக்கென்று தனி மிதி. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, கிக்கரை ஒரு நிலைக்குக் கொண்டு வரும் சடங்கு. பாயின்ட் தேயும், டேப்பெட் லூசாகும், கிளட்ச் கேபிள் அறும். எண்ணெய் ஒழுகும். ஒழுகவில்லை என்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பது புல்லட்காரர்களின் பழைய வேடிக்கை.

ஆனாலும் குடும்பத்தோடு நெடும்பயணம் போகிறவர்கள் அதைத்தான் நம்பினார்கள். அதன் கோளாறுகள் கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கு எட்டின. பாயின்டில் கரி பிடித்தால் உப்புத்தாள் போதும். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் கழற்றிப் பெட்ரோலில் கழுவி வாயால் ஊதினால் போதும். இரண்டு கேபிளும் ஒரு பிளக்கும் ஸீட்டுக்கு அடியில் இருந்தால் கன்னியாகுமரிவரை கவலையில்லை. அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாததால் அப்பா வண்டியின் பாகங்கள் பல, மகன் வண்டிக்கும் பொருந்தின. ராணுவமும் போலீஸும் ஓட்டியதால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, டெல்லியில் கரோல் பாக் என்று ஸ்பேர்களுக்கான சந்தைகளும் நிலைபெற்றன.

அதாவது, வண்டி அடிக்கடி நின்றது. ஆனால் நின்ற இடத்திலேயே கிளம்பியது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலர் நல்லவரா கெட்டவரா என்பது அந்த உரிமையாளர்களுக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. பலர் முதல் சில இலவச சர்வீஸ்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

திருந்திய வண்டி

பாசம் மட்டும் கம்பெனியைக் காப்பாற்றிவிடவில்லை. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, இன்ஜினைத் திறக்காமலே வருடக்கணக்கில் ஓட்டலாம் என்ற புதிய பழக்கத்தை ஏற்படுத்தியது. 1990-ல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டில் பங்கு வாங்கியது. 1994-ல் நிறுவனம் அதன் கைக்கு வந்தது. 2000-ல், மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய நிறுவனம் சுமார் 2,000 வண்டிகளையே விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

இன்ஜின் ஜாம், எண்ணெய் ஒழுகல், கேபிள் அறுதல், மின்சாரக் கோளாறு – வாடிக்கையாளர்களின் புகார்ப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். 2002-ல் வந்த தண்டர்பேர்டில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் உதவியோடு உருவான அலுமினிய இன்ஜின் இருந்தது. 2009-ல் வந்த கிளாசிக் வண்டியில் இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் வந்தன. டேப்பெட்டுகள் ஹைட்ராலிக் ஆகி, அவற்றைச் சரிசெய்யும் வேலையே இல்லாமல் போனது. 2018-ல் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு மூன்று வருட உத்தரவாதம் தரும் தைரியம் கம்பெனிக்கு வந்திருந்தது. 2020 நவம்பரில் மீட்டியாருடன் புதிய 350 சிசி இன்ஜின் வந்தது. 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு ஒரே வருடத்தில் 10 லட்சம் வண்டிகளைத் தாண்டியது.

இடையில் சறுக்கல்களும் உண்டு. நெடும்பயணத்துக்கென்றே 2016-ல் வெளியிடப்பட்ட ஹிமாலயனின் ஆரம்ப வண்டிகளைப் பற்றி நிறையப் புகார்கள் கிளம்பின. 2017-ல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்த ஹிமாலயனுக்கு நல்ல பெயர் கிடைத்தது. புது மாடலின் முதல் வருட வண்டியை வாங்காதே என்று அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரைக்கு இது ஓர் உதாரணம். வாங்கினால் அந்த வருடம் முழுக்க டீலரின் பட்டறைக்கு நடக்கத் தயாராக இருக்க வேண்டும்.

மொத்தத்தில், இன்றைய பயண வண்டிகள் – எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் – இருபது வருடத்துக்கு முந்தைய வண்டிகளைவிடக் குறைவாகவே நிற்கின்றன. சிக்கல், நிற்கும் அந்த ஒரு தடவையில் இருக்கிறது.

ஸ்பேனரிலிருந்து ஸ்கேனருக்கு

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய மோட்டார் சைக்கிள்களுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்தன. அதோடு பயண வண்டிகளில் கார்புரேட்டரின் கதை முடிந்தது. இப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. காற்றின் அழுத்தம், இன்ஜினின் சூடு, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜன், ஆக்ஸலரேட்டர் திறந்திருக்கும் அளவு என்று பல சென்சார்கள் அதற்குத் தகவல் சொல்கின்றன. வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜினை நிறுத்தவும் ஒரு சென்சார் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நன்மைகள் பல. குளிர்ந்த காலையிலும் ஒரே அழுத்தில் கிளம்பும். திருமலைபோல உயரமான இடத்துக்கு ஏறினாலும் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். பெட்ரோல் மிச்சம், புகை குறைவு. ஆனால் ஒரு சென்சாரின் ஒயர் விட்டுப்போனால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான் தெரியும். எந்த சென்சார் என்று அறிய ஸ்கேனரைச் செருகி, குறியீட்டைப் படிக்க வேண்டும். பெட்ரோலில் தண்ணீரோ கசடோ கலந்து டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் செத்துப்போனால் வாயால் ஊதி உயிர் கொடுக்க முடியாது. புது பம்ப் வேண்டும். அது அந்த மாடலுக்கான பம்பாக இருக்க வேண்டும்.

காளஹஸ்தி போன்ற ஊரின் மெக்கானிக்கிடம் திறமை குறைந்துவிடவில்லை. பிரேக், செயின், கிளட்ச், பேரிங் என்று பழைய வேலைகளை அவர் முன்போலவே செய்கிறார். அவரிடம் இல்லாதவை கம்பெனியின் ஸ்கேனர், ஒயரிங் படம், புது மாடல்களின் பாகங்கள். இவை பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளிலேயே இருக்கின்றன.

கார்களில் இந்தச் சண்டை முன்பே நடந்துவிட்டது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை அடியோடு ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. மேல்முறையீட்டில் சில கம்பெனிகளுக்கு அபராதத் தொகை குறைந்தது. 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், மத்திய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் அடக்கம். ஆனால் இணையதளத்தில் தகவல் இருப்பதும், ஞாயிறு மாலை பெட்டிக்கடைக்குப் பக்கத்துப் பட்டறையில் ஸ்கேனர் இருப்பதும் வேறு வேறு.

ஆலை பக்கத்தில் இருப்பதாலும் பயனில்லை. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளிலிருந்து சில மணி நேரத்தில் காளஹஸ்தியை அடைந்துவிடலாம். ஹீரோ மோட்டோகார்ப்புக்கு இதே திருப்பதி மாவட்டத்தில், சத்தியவேடு பக்கம் ஓர் ஆலை இருக்கிறது. வண்டிக்காரரைப் பொறுத்தவரை கணக்கில் வரும் தூரம், ஆலைக்கு உள்ள தூரமல்ல. பாகத்தை அலமாரியில் வைத்திருக்கும் டீலருக்கு உள்ள தூரம்.

கடைக்காரரின் கணக்கு

டீலர் கம்பெனியின் ஊழியர் அல்ல; தன் பணத்தைப் போட்டுக் கடை வைத்திருக்கும் வியாபாரி. ஷோரூமில் ஒரு வண்டி விற்றால் கமிஷன் அன்றே தெரியும். பட்டறை அப்படியில்லை. பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் தர வேண்டும். அவர்கள் கைதேர்ந்ததும் வேறு கடைக்கோ சொந்தப் பட்டறைக்கோ போய்விடுவார்கள். எப்போதாவது தேவைப்படும் பாகத்தை வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். எனவே பல டீலர்கள் எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட், கேபிள் போன்ற தினசரிச் சரக்கை வைத்துக்கொள்கிறார்கள். மற்றவற்றுக்கு ‘ஆர்டர் போட்டிருக்கிறோம்’ என்கிறார்கள். பயணத்தின் நடுவே நிற்கும் வண்டிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த ‘மற்றவை’யில் ஒன்றாக இருக்கும்.

சனிக்கிழமை வந்துவிட்டால் நகரத்துப் பட்டறையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு நாளில் இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஜாப் கார்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழும். செயின் தளர்வு சரியாக இருந்ததா என்று பார்க்க நேரம் இருக்காது. நல்ல டீலருக்கும் மோசமான டீலருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. ஒரே ஆலையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு வண்டிகள் ஐந்து வருடத்தில் வேறு வேறு வண்டிகளாக ஆகிவிடுவதற்கு இதுவே காரணம்.

கம்பெனிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. ராயல் என்ஃபீல்டு 2019 முதல் சிறு ஊர்களில் ‘ஸ்டூடியோ ஸ்டோர்’ என்ற சின்னக் கடைகளைத் திறந்தது. 2020-ல் கருவிகளோடு மெக்கானிக் மோட்டார் சைக்கிளிலேயே வீட்டுக்கு வரும் சேவையையும் தொடங்கியது. பெரிய டீலர்களோடு இந்தச் சின்னக் கடைகளையும் சேர்த்தால் நாடு முழுக்க ஏறத்தாழ 2,000 இடங்கள்.

இப்படியொரு வலைப்பின்னலின் பலம் என்ன என்பது 2021 மே மாதம் தெரிந்தது. சில இக்னிஷன் காயில்களில் குறை இருப்பதாகவும், அதனால் ஓடும்போது இன்ஜின் தடுமாறலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்றும் கண்டுபிடித்த ராயல் என்ஃபீல்டு, 7 நாடுகளில் விற்ற 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மீட்டியார், கிளாசிக், புல்லட் 350 – எல்லாமே 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரலுக்குள் செய்யப்பட்டவை. 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்று கம்பெனி கணக்கிட்டது. ஆனால் எவை அந்த 10 சதவீதம் என்று அறிய எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். பதிவேட்டில் சரியான போன் நம்பர் இருந்தவர்களுக்கு அழைப்பு வரும். பழைய வண்டியாக வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அது வராது.

கம்பெனியே போய்விட்டால்

டீலர் சரியில்லை என்றால் வேறு டீலரிடம் போகலாம். கம்பெனியே கடையைக் கட்டினால்?

2020 செப்டம்பர் 24 அன்று ஹார்லி-டேவிட்சன் இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்துவதாகவும் ஹரியானாவின் பாவல் ஆலையை மூடுவதாகவும் அறிவித்தது. பத்து வருடம் இங்கே இருந்த கம்பெனி. அதற்கு முந்தைய நிதியாண்டில் விற்றது 2,500-க்கும் குறைவான வண்டிகள். முப்பதுக்கும் மேற்பட்ட டீலர்கள் நஷ்டஈடு கேட்டுக் குரல் எழுப்பினார்கள். பல லட்சம் கொடுத்து வாங்கியவர்கள் உத்தரவாதம் என்ன ஆகும், ஸ்பேர் யார் தருவார் என்று திகைத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஹீரோ மோட்டோகார்ப் விற்பனையையும் சர்வீஸையும் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் வந்தது. 2023-ல் இரண்டும் சேர்ந்து எக்ஸ் 440 என்ற வண்டியையும் வெளியிட்டன. ஹார்லி வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை. அமெரிக்காவின் யுஎம் நிறுவனம் லோஹியாவுடன் கூட்டுச் சேர்ந்து 2016-ல் ரெனிகேட் என்ற நெடுஞ்சாலை வண்டிகளை அறிமுகப்படுத்தியது. பார்க்க கம்பீரமாக இருந்தது, விலையும் கட்டுப்படியானது. 2019-ல் கூட்டு முறிந்து கடைகள் மூடின. டீலர்கள் போட்ட பணத்துக்காக அலைந்தார்கள். வாங்கியவர்கள் பாகத்துக்காக அலைந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை மைசூரில் நடந்தது. அங்கே ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. ஆனால் அந்த வண்டிகள் தெருவிலிருந்து மறையவில்லை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் எளிமையும், அதை அறிந்த மெக்கானிக்குகளும், ஆர்வலர்கள் தேடித் தேடிச் சேர்த்த பாகங்களும் அவற்றை இன்றும் ஓட்டுகின்றன. கம்பெனி செத்தும் வண்டி பிழைத்ததற்குக் காரணம், அதைப் பழுது பார்க்கும் அறிவு கம்பெனிக்கு வெளியே பரவிவிட்டிருந்தது. யுஎம் வண்டிகளுக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

கையில் இருக்கும் சட்டம்

டீலர் கம்பெனியைக் கைகாட்டுவதும், கம்பெனி டீலரைக் கைகாட்டுவதும் வாடிக்கையாளர்களுக்குப் பழகிப்போன காட்சி. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளர், விற்பவர், சேவை அளிப்பவர் மூவரையும் பொறுப்பாளிகளாக்க வழி செய்கிறது. இருவரையும் சேர்த்தே வழக்கில் இழுக்கலாம். பயணம் செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியம் உண்டு: வண்டி சென்னையில் வாங்கியதாக இருந்தாலும், திருப்பதியில் பழுது பார்த்ததாக இருந்தாலும், வழக்கைத் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்து பார்க்கலாம்.

வண்டியைத் திரும்ப அழைப்பது முன்பு கம்பெனிகளின் மனச்சாட்சியைப் பொறுத்த விஷயமாக இருந்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 2021 ஏப்ரல் முதல், 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிட முடியும்.

சட்டத்தை உபயோகிக்கக் காகிதம் வேண்டும். வழக்குகளில் பலர் தோற்பது இங்கேதான். ஒவ்வொரு ஜாப் கார்டின் நகல், பில், எந்தக் கிலோமீட்டரில் என்ன புகார் சொன்னோம் என்ற குறிப்பு, மீட்டரில் எரிந்த விளக்கின் போட்டோ – இவை இல்லாமல் ‘அப்போதே சொன்னேன்’ என்பது ஆணையத்தின் முன்னால் எடுபடாது.

வாங்குவதற்கு முன்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்பு பட்டறைக்குப் போவது நல்லது. சனிக்கிழமை காலையில் போய், ஒரு மணி நேரம் நின்று, வரிசையில் இருப்பவர்களிடம் பேசினால் எந்த விளம்பரமும் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம்.

கிளட்ச் லீவர், கேபிள், ஃப்யூயல் பம்ப், கிளட்ச் பிளேட், ஹெட்லைட் – இந்த ஐந்தின் விலையையும், இன்று கவுன்டரில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஆர்டர் போட்டால் எத்தனை நாள் என்று கேளுங்கள். பதிலிலிருந்தே கடையின் லட்சணம் தெரிந்துவிடும்.

அடிக்கடி போகும் பாதையில் எந்தெந்த ஊரில் அந்தக் கம்பெனியின் பட்டறை இருக்கிறது, ஞாயிறு திறந்திருக்குமா, வழியில் நின்றால் தூக்கிச் செல்லும் சேவை எத்தனை கிலோமீட்டர்வரை இலவசம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேவை மாநில எல்லையைத் தாண்டினாலும் உண்டா என்பதை ஊத்துக்கோட்டை வழியாகப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

டயரில் டியூப் உண்டா இல்லையா என்று பாருங்கள். வழியில் வண்டியை நிறுத்தும் கோளாறுகளில் மிகச் சாதாரணமானது பஞ்சர். கம்பிச் சக்கரத்தில் டியூப் இருந்தால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். டியூப் இல்லாத டயருக்கு ஒரு பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் போதும்.

உத்தரவாதக் காலத்தில் சர்வீஸ் தேதியைத் தவறவிடாதீர்கள். உத்தரவாதம் முடிந்தபின் பிரேக், செயின், எண்ணெய் வேலைகளை நம்பிக்கையான உள்ளூர் மெக்கானிக்கிடமும், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதை டீலரிடமும் பிரித்துக் கொடுப்பது பல பழைய சவாரிக்காரர்கள் கடைப்பிடிக்கும் வழி. பழைய வண்டி வாங்கினால் உடனே பெயரை மாற்றி, டீலரின் பதிவேட்டிலும் உங்கள் போன் நம்பரைச் சேர்த்துவிடுங்கள்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் இன்னும் காளஹஸ்தி சாலையில் தடதடத்துக்கொண்டு போகின்றன. அவற்றில் தேய்ந்துபோன எதையும் ஒரு லேத் பட்டறையில் கடைந்து எடுத்துவிடலாம். இன்று புதிதாக வாங்கும் வண்டி அதே சாலையில் 2045-லும் ஓடுமா என்பது பிஸ்டனையும் பேரிங்கையும் மட்டும் பொறுத்ததல்ல. அதன் கறுப்புப் பெட்டிக்கு மாற்று ஒன்றை அன்றைக்கு யாராவது செய்து விற்றுக்கொண்டிருப்பார்களா என்பதைப் பொறுத்தது. ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.